ஏ1 தேறியவர் மறுபடியும் ஏ1 வகுப்பில் உட்காரலாமா?

கேள்வி

அன்புள்ள மேடம்,

எனக்கு 41 வயது. சொந்த ஊர் திருப்பூர். எம்.காம். முடித்துவிட்டு ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பல வருடம் கணக்குப் பிரிவில் இருந்தேன். கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்ததால் ஏழு மாதத்துக்கு முன்பு ஷ்டுட்கார்ட் பக்கம் ஒரு சின்ன ஊருக்குக் குடும்பத்தோடு வந்தோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9.

புறப்படும் முன்பே கோவையில் கோச்சிங் போய் ஜெர்மன் மொழியின் முதல் படியான ஏ1 தேர்வு எழுதி 84 மார்க் எடுத்தேன். இங்கே வி.எச்.எஸ். என்ற ஊர்ப் பள்ளியில் ஜெர்மன் வகுப்பில் சேரப் போனபோது ஒரு தேர்வு வைத்தார்கள். எழுத்தில் ஓரளவு செய்தேன். பேச்சில், "போன ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?" என்று அந்த அம்மா கேட்டார். "இஹ் கேஹெ மார்க்ட்" என்று ஆரம்பித்து அப்படியே நின்றுவிட்டேன். "ஏ1.2-வில் உட்காருங்கள்", அதாவது ஏ1-இன் இரண்டாம் பாதியில், என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பாஸ் செய்ததையே திரும்பப் படிக்கச் சொல்வது அவமானமாக இருக்கிறது. வி.எச்.எஸ். என்றால் இலவசக் கூடம் மாதிரி, தரம் இருக்காது என்கிறார் கணவர். இங்குள்ள தமிழர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், மூன்றே மாதத்தில், ஏ1, ஏ2-வுக்கு அடுத்த படியான பி1 முடித்துத் தருவதாக ஆன்லைன் வகுப்பு ஒன்றைச் சொல்கிறார். நிரந்தரக் குடியிருப்புக்குப் பி1 வேண்டும் என்பதால் அதில் சேர்ந்துவிடு என்கிறார் கணவர்.

நான் ஏ1.2-வில் உட்கார வேண்டுமா? மாலை வகுப்பா, புதிதாகக் குடியேறியவர்களுக்கான அரசின் இன்டக்ரேஷன் கோர்ஸா, ஆன்லைனா? இந்த வயதில் வருமா? வாயைத் திறந்தாலே பிள்ளைகள் சிரிக்கிறார்கள். கோவையில் வாங்கிய புத்தகங்கள் இருக்கின்றன, அவையே போதுமா என்றும் சொல்லுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஏ1.2-விலேயே உட்காருங்கள். மாலை வகுப்பில் வேண்டாம், காலையில் நடக்கும் இன்டக்ரேஷன் கோர்ஸில் சேருங்கள். அதையும் இந்த மாதமே செய்யுங்கள். அதற்கு ஒரு சட்டக் கெடு இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

உங்கள் 84 மார்க் பொய்யில்லை. அதை யாரும் உங்களிடமிருந்து பிடுங்கவும் இல்லை. ஏ1 தேர்வு எதைப் பார்க்கிறது என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். எழுத்துப் பகுதியில் ஒரு படிவத்தில் ஐந்து இடங்களை நிரப்ப வேண்டும், பிறகு 30 சொல் அளவில் ஒரு சின்னக் கடிதம். பேச்சுப் பகுதியில் பெயர், வயது, நாடு, ஊர், மொழிகள், தொழில், பொழுதுபோக்கு என்று ஏழு தலைப்பில் உங்களை அறிமுகம் செய்துகொள்ள வேண்டும். ஒரு பெயரை எழுத்துக்கூட்டச் சொல்வார்கள், ஒரு எண்ணைச் சொல்லச் சொல்வார்கள். அப்புறம் சீட்டை எடுத்து ஒரு கேள்வி, ஒரு வேண்டுகோள். நூற்றுக்கு 60 எடுத்தால் தேர்ச்சி. இந்த வடிவம் முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும் என்பதால் ஊரில் கோச்சிங் சென்டர்கள் அந்த ஏழு தலைப்பையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும்படி பழக்கிவிடுகின்றன. அதில் தவறில்லை. வந்து இறங்கியதும் பெயரும் முகவரியும் சொல்லத் தெரிய வேண்டும் என்பதற்கான தேர்வு அது. அந்த வேலையை நீங்கள் நன்றாகவே செய்திருக்கிறீர்கள்.

வி.எச்.எஸ்-ஸில் நடந்தது ஐன்ஷ்டூஃபுங்ஸ்டெஸ்ட், அதாவது எந்தப் படியில் உட்கார வைக்கலாம் என்று பார்க்கிற தேர்வு. அதில் பாஸ், ஃபெயில் கிடையாது. "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்" என்று அந்த ஆசிரியை கேட்டது சும்மா பேச்சுக்காக இல்லை. நடந்து முடிந்ததைச் சொல்ல வருகிறதா என்று பார்ப்பதற்கான கேள்வி அது. ஜெர்மன் ஆசிரியையான நானும் அதையேதான் கேட்பேன். நீங்கள் சொல்ல நினைத்தது "சந்தைக்குப் போனேன்", அதாவது "இஹ் பின் அவுஃப் டென் மார்க்ட் கெகங்கன்" என்ற வாக்கியம். அதில் இரண்டாவது இடத்தில் "பின்" வந்து நிற்க வேண்டும், வினையின் மிச்சம் கடைசியில் "கெகங்கன்" என்று வந்து முடிய வேண்டும். போவது, வருவது போன்ற வினைக்கு "பின்" வரும், சாப்பிட்டது, வாங்கியது போன்றவற்றுக்கு "ஹாபெ" வரும். இது பெரும்பாலான பாடத்திட்டங்களில் ஏ1.2-வில்தான் ஊன்றிச் சொல்லிக்கொடுக்கப்படுகிறது. ஆக உங்களுக்கு எது வரவில்லையோ அது நடக்கிற வகுப்புக்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். ஏ1.1-க்கு அனுப்பியிருந்தால் நானே போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குறை உணர்ச்சி போய்விடும். ஏ1.2-வில் கடந்த காலம், "முடியும், வேண்டும், கூடாது" போன்ற துணைவினைகள், "யாருக்கு, யாரோடு" என்ற வேற்றுமை எல்லாம் வரும். ஏ2-வில் வாக்கியங்களைக் கோக்கத் தொடங்குவீர்கள்: ஏனென்றால், என்று, போது. பெயரடைகளின் வால் மாறுவதும் அங்கேதான் தலையைச் சுற்ற வைக்கும். பி1-இல் "நேற்று நான் பார்த்த வீடு" போன்ற தொடர்கள், செயப்பாட்டு வினை, "இருந்திருந்தால்" என்ற கற்பனைப் பேச்சு வரும். கருத்துச் சொல்லவும் மறுத்துப் பேசவும் அங்கே பழக்குவார்கள். பி2 என்பது அலுவலகத்தில் வேலை செய்வதற்கான மொழி. சி1 பல்கலைக்கழகத்துக்கும், மருத்துவர் போன்ற தொழில்களுக்கும். அவற்றைப் பற்றி இப்போது கவலை வேண்டாம்.

இந்த ஏ, பி, சி வரிசை ஜெர்மன்காரர்கள் மட்டும் வைத்துக்கொண்டதும் இல்லை. ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட பொது அளவுகோல் அது. பிரெஞ்சு, ஸ்பானிஷ் எதைப் படித்தாலும் இதே படிகள்தான். அதில் எழுதியிருப்பதெல்லாம் "இவரால் இன்னின்ன செய்ய முடியும்" என்ற வகையில்தான் இருக்கும். புத்தகத்தில் எத்தனை பாடம் முடித்தார் என்ற கணக்கு அதில் இல்லை.

வி.எச்.எஸ். பற்றி உங்கள் கணவர் சொன்னதற்கு வருகிறேன். ஃபொல்க்ஸ்ஹோஹ்ஷூலெ என்பதுதான் அதன் முழுப் பெயர். பெரியவர்கள் படிப்பதற்கான ஊர்ப் பள்ளி. 1919-இல் எழுதப்பட்ட வைமர் அரசியல் சட்டத்தின் 148-ஆவது பிரிவிலேயே, இந்தப் பள்ளிகளை அரசும் ஊராட்சிகளும் வளர்க்க வேண்டும் என்று இருக்கிறது. இன்று நாடு முழுக்க 800-க்கு மேல் இருக்கின்றன. உங்கள் பக்கத்து வீட்டு ஜெர்மன்காரர் இத்தாலி மொழி படிக்கவும், அவர் மனைவி யோகா கற்கவும் போகிற இடமும் அதுதான். இன்டக்ரேஷன் கோர்ஸ் நடத்துகிற ஆசிரியருக்கு அதற்கென அரசின் அனுமதி இருக்க வேண்டும். ஏற்பாடு செய்வது கூட்டாட்சியின் குடிபெயர்வு அலுவலகம், பேச்சு வழக்கில் பாம்ஃப். ஆகவே தரத்தைப் பற்றிய சந்தேகத்தை விட்டுவிடுங்கள். ஆசிரியருக்கு ஆசிரியர் வித்தியாசம் இருக்கும், அது எங்கேயும் உள்ளதுதான்.

இப்போது மணிக்கணக்கு. உங்கள் மூன்று கேள்விகளில் உண்மையாகவே முடிவைத் தீர்மானிப்பது இதுதான்.

2005-இல் குடிவரவுச் சட்டத்தோடு வந்த இந்த இன்டக்ரேஷன் கோர்ஸில் மொழிக்கு 600 பாடவேளை, நாட்டின் சட்டம், வரலாறு, வாழ்க்கை முறைக்கு 100 பாடவேளை. ஒரு பாடவேளை என்பது 45 நிமிடம். மொழிப் பகுதி நூறு நூறாக ஆறு கட்டம். ஆறும் முடிந்தால் பி1-க்குக் கொண்டுபோய் விட வேண்டும் என்பது திட்டம். அதாவது, ஒன்றுமே தெரியாதவரைப் பி1-க்குக் கொண்டுவர 600 பாடவேளை தேவை என்று இத்தனை வருடமாக இதையே செய்துகொண்டிருக்கும் ஒரு நாடு கணக்குப் போட்டிருக்கிறது. நீங்கள் இரண்டாவது கட்டத்தில் சேர்கிறீர்கள், மிச்சம் 500. காலையில் வாரத்துக்கு 20 பாடவேளை நடக்கும் வகுப்பில் 25 வாரம். விடுமுறையெல்லாம் சேர்த்தால் ஏழு, எட்டு மாதம். பிள்ளைகள் பள்ளிக்குப் போயிருக்கும் நேரம்.

மாலை வகுப்பு என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு நாள், நாளுக்கு மூன்று பாடவேளை. அதே 500-ஐ முடிக்க 80 வாரத்துக்கு மேல் ஆகும். விடுமுறைகளையும், ஒரு பருவத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் விழும் இடைவெளிகளையும் சேர்த்தால் இரண்டு வருடத்தைத் தாண்டிவிடும். பகலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு வேறு வழியில்லை, அவர்களுக்காக ஏற்பட்டதுதான் அது. உங்கள் வீட்டில் அது உங்கள் கணவருக்குப் பொருந்தும். ஆபீஸில் ஆங்கிலமே போதும் என்று இருந்துவிடாமல் அவரும் சேரட்டும். உங்களுக்குப் பகல் இருக்கிறது.

கெடு என்று சொன்னேன் அல்லவா? குடும்பத்தோடு சேர்ந்து வாழ்வதற்காக அனுமதி பெற்று வந்தவருக்கு இந்த வகுப்பில் சேர உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமை, அனுமதி வழங்கப்பட்ட நாளிலிருந்து ஒரு வருடத்தில் காலாவதியாகிவிடும். நீங்கள் வந்து ஏழு மாதம் ஆகிறது. அனுமதி அட்டையில் இருக்கும் தேதியை இன்றே பாருங்கள். உங்கள் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில், அதாவது அவுஸ்லெண்டர்பெஹொர்டெயில், பெரெஹ்டிகுங்ஸ்ஷைன் என்ற உரிமைச் சான்றைக் கேளுங்கள். எம்.காம். படித்தவர், உங்களுக்கு இந்த வகுப்பு அவசியமில்லை என்று சொன்னாலும் சொல்வார்கள், பட்டதாரிகளிடம் அப்படிச் சொல்ல விதியில் இடமிருக்கிறது. அதே விதியில், மொழி தெரியாததால் படிப்புக்கேற்ற வேலைக்குப் போக முடியாதவருக்கு விலக்கும் இருக்கிறது. "கணக்குத் துறையில் வேலை பார்த்தவள், மொழி இல்லாததால் இங்கே வேலை தேட முடியவில்லை" என்று சொல்லுங்கள், எழுதியும் கொடுங்கள். வி.எச்.எஸ். கொடுத்த படித் தாளையும் கூட வையுங்கள். அது உங்களுக்கு அவமானச் சீட்டாகத் தெரிந்ததே, அங்கே அதுதான் உங்களுக்குச் சாட்சி. சான்று கிடைத்தால் உங்கள் பங்குக் கட்டணம் பாடவேளைக்கு 2.29 யூரோ, நூறு கொண்ட ஒரு கட்டத்துக்கு 229 யூரோ. கடைசித் தேர்வுக்கு முதல் முறை தனிக் கட்டணம் கிடையாது.

அந்தத் தேர்வைப் பற்றி உங்கள் கணவரிடம் காட்டுவதற்காகவே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். மூன்று மாதத்தில் பி1 என்ற பேச்சுக்குப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

கோர்ஸ் முடிவில் எழுதும் தேர்வு ஒன்றுதான், அதில் ஏ2-வும் வரலாம், பி1-உம் வரலாம். கேட்பதற்கு 25 நிமிடம், வாசிப்புக்கு 45, எழுத்துக்கு 30. பேச்சுக்கு ஏறக்குறைய 16 நிமிடம், இன்னொரு தேர்வருடன் ஜோடியாக, முன் தயாரிப்பு நேரம் இல்லாமல். மொத்தத்தில் பி1 என்று சான்றிதழில் வர வேண்டுமானால், பேச்சில் கட்டாயம் பி1 எடுத்திருக்க வேண்டும், கூடவே மற்ற இரண்டு பகுதிகளில் (கேட்பதும் வாசிப்பும் சேர்ந்து ஒன்று, எழுத்து இன்னொன்று) ஒன்றிலாவது எடுத்திருக்க வேண்டும். வாசிப்பிலும் எழுத்திலும் புலியாக இருந்து பேச்சில் ஏ2 வாங்கினால் சான்றிதழும் ஏ2 தான். பேச்சுத் தேர்வின் மூன்றாம் பகுதியில் இருவரும் சேர்ந்து ஒரு விஷயத்தைத் திட்டமிட வேண்டும். உதாரணத்துக்கு, வகுப்புத் தோழிக்கு ஒரு வழியனுப்பு விழா. எங்கே வைக்கலாம், யார் என்ன கொண்டுவருவது, எதிரில் இருப்பவர் சொன்ன நாள் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் எப்படி மறுப்பது, பதிலுக்கு என்ன சொல்வது. இதை மனப்பாடம் செய்ய வழியே இல்லை. எதிராளி என்ன சொல்வார் என்று யாருக்குத் தெரியும்?

ஆன்லைன் வகுப்பே கெட்டது என்று நான் சொல்லமாட்டேன். இருபது பேர் மைக்கை அணைத்துவிட்டு ஒருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் வகுப்பில் இந்தப் பதினாறு நிமிடத்துக்குப் பயிற்சி கிடைக்காது, அதைத்தான் சொல்கிறேன். அதிலும் எல்லோரும் தமிழர்கள் என்றால் சிக்கலான இடம் வந்ததும் பேச்சு தானாகத் தமிழுக்குத் தாவிவிடும். உங்கள் காலை வகுப்பில் பக்கத்தில் உக்ரைன்காரர் இருப்பார், அந்தப் பக்கம் சிரியாக்காரர், எதிரில் பிரேசில்காரி. ஒரு பேனா இரவல் கேட்பதற்குக்கூட ஜெர்மனைத் தவிர வேறு பொது மொழி கிடையாது. அந்தக் கட்டாயம்தான் வாயைத் திறக்க வைக்கிறது. பணம் கட்டும் முன் அந்த ஆன்லைன்காரரிடம் ஒன்று கேளுங்கள்: மூன்று மாதத்தில் எத்தனை பாடவேளை, அதில் நான் பேசுவது எத்தனை நிமிடம்? இன்னொன்று, வகுப்பில் கலந்துகொண்டதற்காக அவர்கள் தரும் சான்றிதழை எந்த அலுவலகமும் பி1 என்று எடுத்துக்கொள்ளாது. கோத்தே, டெல்க், ஓஎஸ்டி போன்ற அங்கீகரிக்கப்பட்ட தேர்வில் தேறிய சான்று வேண்டும், இல்லையென்றால் மேலே சொன்ன கோர்ஸ் தேர்வுச் சான்று. இதைச் சொல்லாமல் மறைத்துப் பணம் வாங்குவோர் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. ஏமாந்து போகிறவர்கள் பெரும்பாலும் உங்களைப் போலப் புதிதாக வந்து வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள்.

வயது. 41-இல் வரும். என் வகுப்பில் அறுபதைத் தாண்டியவர்கள் பி1 எடுத்துப் போயிருக்கிறார்கள். பெரியவர்களுக்கு இலக்கணம் சீக்கிரம் பிடிபடும். ஆனால் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் வாயைக் கட்டும். உங்களிடம் நான் பார்ப்பதும் அதுதான். "மார்க்ட்" என்பதோடு நிறுத்தாமல் தப்பும் தவறுமாக நாலு வாக்கியம் சொல்லியிருந்தால் அந்த ஆசிரியை அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருப்பார்.

தமிழ் தெரிந்தவருக்கு ஜெர்மனில் சில கதவுகள் ஏற்கெனவே திறந்திருக்கின்றன. நாம்தான் எல்லாவற்றையும் ஆங்கிலத்தின் வழியாகவே யோசித்து அவற்றை நமக்கு நாமே சாத்திக்கொள்கிறோம். குளிர்கிறது என்று சொல்ல ஜெர்மனில் "மீர் இஸ்ட் கல்ட்". மீர் என்றால் எனக்கு. நம்முடைய "எனக்குக் குளிருது" அப்படியே இருக்கிறது. ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு "இஹ் பின் கல்ட்" என்றால், நான் ஈரமில்லாத மனசுக்காரி என்று அர்த்தமாகிவிடும். ஏ2-வில் காரணம் சொல்லும் "வைல்" வரும்போது வகுப்பில் பலரும் திணறுவார்கள், ஏனென்றால் அங்கே வினை கடைசிக்குப் போய்விடும். நமக்கு வினை எப்போதும் கடைசியில்தான். "வைல் மைன் ஸோன் க்ரங்க் இஸ்ட்" என்பதும் "என் பையன் உடம்பு சரியில்லாம இருக்கிறதால" என்பதும் ஒரே நடை. அதேபோல் குறில் நெடில். கல்லும் காலும் வேறு என்று நம் காதுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஜெர்மனில் மிட்டெ என்றால் நடு, மீட்டெ என்றால் வாடகை. ஒஃபன் என்றால் திறந்திருக்கிறது, ஓஃபன் என்றால் அடுப்பு. இந்த வித்தியாசத்தைப் பிடிக்க மற்ற நாட்டுக்காரர்கள் படும் பாட்டை வகுப்பில் பார்ப்பீர்கள்.

நமக்குக் கஷ்டம் வேறு இடத்தில். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆண், பெண், அஃறிணை என்று மூன்று பால், அதற்குத் தர்க்கம் தேடாதீர்கள். சொல்லோடு சேர்த்தே நெட்டுருப் போடுங்கள். அடுத்தது வல்லின ஒலிகள். நம் எழுத்தில் ட ஒன்றுதான். நன்றி சொல்வதற்கான சொல்லையும், வண்டிக்குப் பெட்ரோல் போடுவதற்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே டங்கன். அங்கே முதலாவது மெலிந்து ஒலிக்க வேண்டும், இரண்டாவது வலிந்து. வாசகர்களுக்காக நான் இங்கே தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், உங்கள் நோட்டில் அப்படி எழுதிப் படிக்காதீர்கள். கோவை நோட்டுகளில் அப்படி எழுதி வைத்திருந்தால் அந்தப் பக்கங்களை மூடிவிடுங்கள்.

பிள்ளைகள் சிரிப்பதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அவர்களுக்கு நாள் முழுக்கப் பள்ளி மைதானம் இருக்கிறது, உச்சரிப்பு தானாக ஒட்டிக்கொள்ளும். உங்களுக்கு அப்படியொரு மைதானம் இதுவரை கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சிரித்தால் சிரிக்கட்டும். இன்னொரு விஷயம்தான் எனக்கு முக்கியம். டாக்டரிடமோ, பள்ளியில் பெற்றோர் கூட்டத்திலோ பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தன்னைப் பற்றி ஆசிரியர் சொல்லும் குறையைத் தானே அம்மாவுக்குச் சொல்ல வேண்டிய நிலையில் ஒன்பது வயதுப் பையனை நிறுத்தக் கூடாது. தேவையென்றால் கணவரோ, நம்பகமான ஒரு பெரியவரோ வரட்டும்.

அதற்குப் பதிலாக, காய்ச்சல் வந்த அன்று பள்ளி அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்யுங்கள். முதல் வாக்கியத்தை எல்லோரும் எழுதி வைத்துச் சொல்லிவிடுகிறார்கள்: "மைன் ஸோன் இஸ்ட் க்ரங்க்." மறுமுனையில் எந்த வகுப்பு, பெயர் என்ன, எப்போது திரும்பி வருவான் என்று கேட்பார்கள், அங்கேதான் தடுமாற்றம். அந்த மூன்று கேள்விகளையும் மகளை விட்டுக் கேட்கச் சொல்லி வீட்டில் பழகுங்கள், வரிசையை மாற்றி மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள். அவளுக்கும் சிரிப்பதற்கு நேரமிருக்காது.

வகுப்பில் புரிகிறது, பேக்கரியில் புரியவில்லை என்று சீக்கிரமே எழுதுவீர்கள். நீங்கள் இருப்பது ஸ்வாபிய வழக்குப் பேசும் பகுதி. புத்தக ஜெர்மனில் "இஸ்ட்" என்பது அங்கே "இஷ்" ஆகிவிடும், சொல்லுக்குக் கடைசியில் "லெ" ஒட்டிக்கொள்ளும். சென்னையில் தமிழ் கற்ற ஒரு வெளிநாட்டவர் நாகர்கோவிலில் இறங்கியது போல. உங்கள் காதில் கோளாறில்லை. பேசுவதற்குப் புத்தக ஜெர்மனையே வைத்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பேச்சைக் கேட்டுப் புரிந்துகொண்டால் போதும். நேரம் சொல்லும் முறையை மட்டும் முதலிலேயே கற்றுக்கொள்ளுங்கள். "ஹல்ப் அஹ்ட்" என்றால் ஏழரை. எட்டரை என்று நினைத்து ஒரு மணி நேரம் தாமதமாக டாக்டரிடம் போய் நிற்பவர்கள் ஏராளம். உங்கள் பகுதியில் "ட்ரைஃபியர்டெல் அஹ்ட்" என்றும் சொல்வார்கள், அது ஏழே முக்கால். எட்டை நோக்கிப் போகும் மணியில் முக்கால் பங்கு முடிந்தது என்ற கணக்கு.

வீட்டில் கேட்டுப் பழக டாய்ச்ச வெல்ல வானொலி நிறுவனத்தின் இலவசப் பாடங்கள் ஏ1-இலிருந்தே இருக்கின்றன. வி.எச்.எஸ். சங்கத்தின் இலவசக் கற்றல் தளமும் நல்லது. வகுப்புக்குத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பல ஊர் நூலகங்களில் மொழி காஃபி என்று வாரம் ஒரு முறை சும்மா உட்கார்ந்து பேசும் கூட்டம் நடக்கும். ஏ2 தொடங்கியதும் போகலாம்.

வேலையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இத்தனை வருடம் கணக்குப் பார்த்த கை சும்மா இருக்க வேண்டாம். பி1 கிடைத்ததும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வேலை தேடுபவராகப் பதிந்துகொண்டு, தொழில்சார் மொழி வகுப்பு வேண்டும் என்று கேளுங்கள். பி2 வரைக்கும் அதற்கு மேலும் அந்த வகுப்புகள் இருக்கின்றன, வேலை இல்லாதவருக்குக் கட்டணம் கிடையாது. கணக்குத் துறையில் பி2 இல்லாமல் நேர்முகத் தேர்வைத் தாண்டுவது கடினம். உங்கள் பட்டத்தை மதிப்பிட்டு வாங்கும் வேலையை இப்போதே தொடங்கிவிடலாம், அதற்கு மொழி முடியும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாகப் புத்தகம். கோவைப் புத்தகத்தில் இலக்கணப் பக்கங்கள் இருந்தால் அவற்றை வைத்துக்கொள்ளுங்கள், மற்றவை தேவைப்படாது. ஒவ்வொரு பள்ளியும் வேறு வேறு புத்தகம் வைத்திருக்கும், பதிப்பும் மாறும். அதனால் வகுப்பு தொடங்கி முதல் நாள் ஆசிரியர் சொன்ன பிறகு வாங்குங்கள். வாட்ஸ்அப் குழுவில் பழைய புத்தகம் பாதி விலைக்கு வரும். அதில் முன்பு படித்தவர் பயிற்சிகளுக்கெல்லாம் விடை எழுதி வைத்திருப்பார், கண் முதலில் அங்கேதான் போகும். புதுப் புத்தகமே வாங்கிக்கொள்ளுங்கள்.